முப்பது தரம் நிஷாந்தினி

கீர்த்திகன் அந்தப் பெயரைத் தட்டினான். நிஷாந்தினி. திரையில் பச்சை வந்தது. சின்னப்பிள்ளை போலத் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டான்.

"இண்டைக்கு இது எத்தனையாவது வாட்டி தம்பி?" என்று எதிர்மேசை ஜெனீரா கேட்டாள்.

"முப்பது இருக்கும் அக்கா," என்றான், கொஞ்சமும் வெட்கமில்லாமல். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வயது இருபத்தாறு, இன்னும் கல்யாணமாகவில்லை. இது காதல்தான் என்று கந்தோரில் எல்லாரும் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்து மக்களுக்குப் பிறப்புச் சான்று கொடுக்கவென்று 2004இல் பதுளையில் முளைத்த திட்டக் கந்தோர் அது. ஒரு கம்ப்யூட்டரில் பதிவேடு இருந்தது, அதற்கு வெப் சர்விஸ் என்று பெயர். இன்னொன்றில் கிளையண்ட் புரோகிராம். கிளையண்ட் ஒரு பெயரை அனுப்பிக் கேட்கும், சர்விஸ் 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ பதில் சொல்லும்.

நாளைக்கு எல்லாத் தோட்டத்திலும் ஒரு கிளையண்ட் இருக்குமாம். இப்போதைக்குக் கேட்பதும் சொல்வதும் ஒரே அறையில், எட்டடி வயரில் நடந்தது. 'உண்டு' என்றால் சான்று அடிக்கலாம். 'இல்லை' என்றால் ஆள் மேசைக்கு முன்னால் நின்று இருமினாலும் இல்லைதான்.

இரண்டு பதிலும் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்க்கக் கீர்த்திகன் ஒரு சோதனைப் புரோகிராம் எழுதியிருந்தான். எல்லாம் சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. 'உண்டு' வர வேண்டிய இடத்தில் மேலதிகாரி இரகுநாதனின் பெயரைப் போட்டிருந்தான். தான் இருப்பதைத் திரையிலேயே கண்டு அவர் மனம் குளிர்ந்தார். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள். பச்சை வந்தால் அவருக்குப் பதவி உயர்வு, இவனுக்கு வேலை நிரந்தரம்.

ஒரே ஒரு தொல்லைதான்.

"நான் ஏத்துற பதிவு ஒண்டு மத்தியானத்துக்குள்ள காணாமப் போகுது சேர்," என்றாள் ஜெனீரா.

"எனக்கும் சில நாள் காலமை சிவப்பு வருது சேர். பிறகு நானே சரிப்படுத்திப்போடுவன்," என்றான் கீர்த்திகன்.

இரண்டு முறைப்பாட்டையும் கேட்ட இரகுநாதன் ஆழமாக யோசித்து, கம்ப்யூட்டருக்கு விபூதி பூசச் சொன்னார்.

வியாழன் காலை ஒரு பெண் வந்து நின்றாள். மடுல்சீமையிலிருந்து முதல் பஸ் பிடித்து, நாலாவது தடவையாக வருகிறவள். செருப்பெல்லாம் சேறு.

"எம் பேரு நிஷாந்தினிங்க. நாளைக்கு எங்க தோட்டத்து ஸ்கூல்ல டீச்சர் வேலைக்கு இன்டர்வியூங்க. பொறப்புச் சான்று இல்லாம உள்ள விடமாட்டாங்களாம்."

கீர்த்திகன் எழுந்தே நின்றுவிட்டான். "மடுல்சீமை நிஷாந்தினியோ? பன்னிரண்டாம் திகதி, எட்டாம் மாதம், எண்பத்திரண்டு. தகப்பன் மாடசாமி!"

"எப்பிடிங்க ஐயா தெரியும்?"

"நாள் முழுக்க உங்கட பேரைத்தானே அடிக்கிறன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெனீரா வாயைப் பொத்திச் சிரித்தாள். பியோன் பொன்னையா யாரும் சொல்லாமலே பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். தோட்டத்து ஆளுக்கு அந்தக் கந்தோரில் நாற்காலி கிடைத்ததே அன்றுதான், தேத்தண்ணி வேறு!

இரகுநாதனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உங்கட ஆக்கள் பேரை ஒழுங்காய்ச் சொல்லுறேல்லை. பிறகு மிசினில பிழை பிடிக்கிறது."

"நான் சரியாத்தாங்க சொன்னேன், எழுதியும் குடுத்தேன்." அவள் குரல் தாழவில்லை. "நான் பொறந்தது எங்கம்மாவுக்குத் தெரியும், பிரசவம் பாத்த மருத்துவிச்சிக்குத் தெரியும். ஒங்க மிசினுக்கு மட்டுந்தாங்க தெரியல."

ஜெனீராவுக்குச் சுருக்கென்றது. மூன்று தடவையும் பதிந்தது அவள்தான். பதிந்த மறுநாள்தான் சான்று அடிக்க வேண்டும் என்பது இரகுநாதன் போட்ட சட்டம். மறுநாள் பார்த்தால் பதிவு இருக்காது.

"இண்டைக்கு நான் சட்டம் பாக்க மாட்டேன் சேர். இப்பவே அடிச்சுக் குடுக்கிறேன்," என்றாள். நாலாவது தடவையாக ஒவ்வோர் எழுத்தாகப் பதிந்து, கிளையண்டில் கேட்டாள். உண்டு.

நிஷாந்தினி திரையில் தன் பெயரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் இருந்தவளை அன்றைக்குத்தான் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜெனீராவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பிரிண்டருக்குப் பேப்பர் செருகத் திரும்பினாள்.

அந்த நேரம் கீர்த்திகனின் திரையில் சிவப்பு வந்தது. அவன் பதறிப்போய்க் குனிந்து இரண்டு தட்டுத் தட்டினான். பச்சை. கைதட்டிக்கொண்டான்.

ஜெனீரா சான்றை அடிக்கப் போனாள். கிளையண்ட் இன்னொரு தரம் கேட்டது. இல்லை.

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "யா அல்லாஹ்! ஒவ்வொரு தரமும் நீதானா தம்பி அழிக்கிறது?"

"பின்னை? 'இல்லை' எண்ட பதில் சரியா வருதோ எண்டு பாக்கவும் ஒரு பேர் வேணுமே அக்கா! நான் சோதனை எழுதின அண்டைக்கு இவா பதிவில இல்லை. அதுதான் இவான்ர பேரைப் போட்டன். யாரோ பிழையா ஏத்திக்கொண்டே இருக்கினம்."

பிறகு அதே மலர்ந்த முகத்தோடு நிஷாந்தினியிடம் சொன்னான்:

"கோவியாதேங்கோ தங்கச்சி, நீங்கள் இருந்தா என்ர புரோகிராம் ஃபெயில்."