சத்தம் வராத ஷூ

“நடந்தா சத்தமே வரக்கூடாது. அந்த மாதிரி ஷூ இருக்கா?”

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உழைக்குமான்னு கேப்பாங்க. கடிக்குமான்னு கேப்பாங்க. சத்தம் வருமான்னு கேக்குறவங்க வேற ஒரு தொழில்தாம்மா பண்ணுவாங்க.”

கூட வந்த கணவன்கூடச் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்குற வேலை. தினமும் ரயில்ல போய் வரணும்.”

“அப்ப நாள் பூரா நிக்கிற காலு. இப்ப என்ன போட்டிருக்கீங்க?”

கழற்றிக் காட்டினாள். தடித்த தோல் ஷூ. குதிகால் தேயாமலிருக்க லாடம் அடித்தது. எத்தனையோ மழையைப் பார்த்தும் அசரவில்லை. கடைக்காரர் புரட்டிப் பார்த்தார்.

“இது இன்னும் பத்து வருஷம் வரும். இதை விட்டுட்டு ஏம்மா?”

வந்த வியாபாரத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்ளும் மனிதர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் காரணத்தைக் கடையில் வைத்தா சொல்ல முடியும்?

அவள் தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரு சுரங்கப்பாதை. உள்ளே விளக்குகள் அணைந்து மாசக் கணக்காகிறது. நடுவில் சாக்கடை மூடி உடைந்து ஆள் ஆழத்துக்குப் பள்ளம். யாரோ புண்ணியவான் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு வைத்திருந்தான். பழகிய கால் என்பதால் அவள் இருட்டிலும் தப்பாமல் அதில் ஏறிவிடுவாள். சுற்றுவழியில் போனால் முதல் ரயில் போய்விடும்.

அந்த இருட்டில் தினமும் அவளுக்குப் பின்னால் ஒரு காலடிச் சத்தம்.

அவள் நின்றால் அதுவும் நின்றது. ஓடினால் அதுவும் ஓடியது. ஒரு நாள் துணிந்து திரும்பிப் பார்த்தாள். சுரங்கத்தின் வாயில் தெரிந்த மங்கல் வெளிச்சத்தில் ஓர் ஆண் உருவம். அசையவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நின்றது.

அன்று லேபில் அவளுக்கு நரம்பு பிடிபடாமல், ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று தடவை குத்த வேண்டியதாயிற்று.

பிளாட்பாரத்து வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் அவன் வேறு ஆள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டிபன் பை. அவள் பக்கம் திரும்பக்கூட மாட்டான்.

“வெளிச்சத்துல யோக்கியன், இருட்டுல வேற ஆளு. இந்த ரகம்தான் ஆபத்து” என்று வீட்டில் சொல்லியிருந்தான் கணவன். துணைக்கு வரலாமென்றால் அவனுக்கு நைட் ஷிப்ட், விடிந்துதான் வீடு. “உன் லாடச் சத்தம் ஊருக்கே கேக்குது. அதை வச்சுத்தான் தொடர்ந்து வர்றான். ஷூவை மாத்திப் பாரு. அதுக்கும் அடங்கலன்னா வேலைய விட்டுடு. உசுர விட வேலை பெருசில்ல.”

அலைந்து திரிந்து வாங்கிய வேலை. எவனோ ஒருவனுக்குப் பயந்து அதை விடுவதா?

கடைசியில் ரப்பர் அடி வைத்த கறுப்பு ஷூ ஒன்று அமைந்தது. கடைக்குள்ளேயே நடந்து பார்த்தாள். பூனை தோற்றது.

மறுநாள் விடியற்காலை, சுரங்கத்தின் வாயிலில் தெருவிளக்கின் கீழே அவன் காத்துக்கொண்டு நின்றான். அவள் உள்ளே நுழைந்ததும் அவனும் நகர்ந்தான்.

சுவரோரமாக நடந்தாள். தன் காலடி தனக்கே கேட்கவில்லை. தான் அங்கே இருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் அவன் காலடி கொஞ்ச தூரம் வந்தது. தடுமாறியது. நின்றுவிட்டது.

பலகையைத் தாண்டினாள். இன்னும் சத்தமில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோது புதிதாக ஒன்று கேட்டது.

யாரோ உள்ளங்கையால் ஈரச் சுவரைத் தட்டித் தட்டித் தடவிக்கொண்டு வருகிற சத்தம். மெல்ல, மெல்ல, அவள் பக்கமாக.

“மேடம்... இங்கதான இருக்கீங்க?”

அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

“நீங்க உள்ள போனதைப் பார்த்தேனே. பேசுங்க மேடம்.”

“கிட்ட வந்தே, கத்தி ஊரைக் கூட்டிடுவேன்!”

“கத்துங்க மேடம்” என்றது அந்தக் குரல். “நிறுத்தாம கத்துங்க.”

அவள் இரண்டடி பின்னால் வைத்தாள். ஓடுவதற்குத் திரும்பினாள். அதற்குள் பின்னால் ஒரு கல் உருண்டு பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது. கூடவே “ஐயோ” என்று ஒரு அலறல். ஒரு கால் வழுக்கி, மறு காலில் சமாளித்து நிற்கிற மனிதனின் அலறல்.

“நீங்க கத்தினாத்தான் பலகை எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்!”

“என்... என்ன சொல்றீங்க?”

“எனக்கு மாலைக்கண் மேடம். இருட்டுல துளிகூடத் தெரியாது, டார்ச் அடிச்சாலும் பிரயோஜனமில்ல. ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. தினமும் உங்க லாடச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இந்தப் பள்ளத்தைத் தாண்டுறேன்.” குரல் உடைந்தது. “இன்னைக்கு ஏன் மேடம் என்னை நடுவழியில விட்டுட்டுப் போயிட்டீங்க?”