காதோரச் சிக்கு

குழந்தை வயிற்றிலேயே இறந்து மூன்று மாதம் கழித்து, சுதாகரன் நீளமுடிப் பூனைக்குட்டி ஒன்றை வாங்கி வந்தான். வசுமதி அதை மடியில் போட்டு, மேசை துடைப்பதுபோல் தினமும் சீவினாள். இன்று காதோரச் சிக்கு மட்டும் விடவில்லை.

“பவுடர் போட்டா விட்டுரும் வசு. என் வழுக்கைத் தலைக்குத்தான் அந்தக் கவலையில்ல,” என்றான் கூடத்திலிருந்து.

“வீட்ல பவுடர் ஏது?”

கூடத்தில் பேப்பர் புரண்டது.

பீரோவின் அடித்தட்டில் ஒன்று இருந்தது. பிறக்குமுன் எதுவும் வாங்காதே என்று மாமியார் தடுத்தும் அவள் வாங்கி வைத்த குழந்தைப் பவுடர். எழுந்துபோய் எடுத்துவந்து மூடியைத் திருகினாள். சிக்கின் மேல் தூவினாள். குட்டி தும்மியது. சிக்கு இழை இழையாகப் பிரிந்தது.

மணம் கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். பேப்பர் புரளும் சத்தம் நின்றது. அவள் குட்டியை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள்.