இடது கட்டைவிரல்

ஓய்வுபெற்ற ஹவில்தார் ராக்கையா, போடியில் ஊனமுற்ற சிப்பாய்களுக்குப் பென்ஷன் மனு எழுதிக்கொடுத்து வந்தார். குரங்கணி மொக்கச்சாமி எழுபத்தொன்றாம் வருடப் போரில் இடது கையை இழந்தவன். மனுவில் வலது கட்டைவிரலைத்தான் மை தடவி உருட்டியிருந்தான். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: "இடது கட்டைவிரல் ரேகை பழைய பதிவோடு ஒத்துப்போகிறது. ஆகவே கை இருக்கிறது. மனு தள்ளுபடி."

"எந்த விரல வச்சே தம்பி?"

"இருக்குறதத்தானே வைக்க முடியும்? கால் விரலையா வைப்பேன்?"

ராக்கையா சிரித்துக்கொண்டே புது மனு எழுதினார். மொக்கச்சாமி அவர் கண்ணெதிரே வலது கட்டைவிரலை உருட்டினான். அதைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்துவிட்டு, மை காய ஊதக் குனிந்தார். பக்கத்தில் இடது ரேகையும் ஈரமாக இருந்தது.

மொக்கச்சாமி முடிச்சுப் போட்ட சட்டைக்கையை நீட்டினான்.

"இதுக்கும் துணி கொடுங்கண்ணே. பிசுபிசுங்குது."