ராணிக்குப் பக்கத்து நாற்காலி

கல்லூரியின் முன்னாள் மாணவர் பிரிவிலிருந்து போன் செய்த பெண், பழைய பதிவேட்டைப் பார்த்துக் கோதண்டபாணியைப் புகழ்ந்து தள்ளினாள். "நாடக மன்றத்துல நீங்க ஆற்றின கலைச்சேவை மகத்தானது சார்."

"ஈட்டியப் பிடிச்சிக்கிட்டு ராணிக்குப் பின்னால நின்னேம்மா. வசனம்கூடக் கிடையாது."

புது அரங்கத்துக்கு நன்கொடை கொடுப்பவர் பெயரை ஒரு நாற்காலியில் பொறிப்பார்களாம். அவர் நெடுநாளாக வாயில் வராத பெயரைச் சொன்னார்.

"ராணியா நடிச்ச எஸ்தர் குடுத்திருக்காங்களா?"

"முன்வரிசையில சார்."

"அவங்களுக்குப் பக்கத்து நாற்காலியில என் பேரைப் போடுங்க."

அவள் கணினியைப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு சொன்னாள். "அதுக்கும் அவங்களே பணம் கட்டிட்டாங்க சார். பேரு மட்டும் இப்ப எழுத வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

போனைப் பிடித்தபடியே கோதண்டபாணி எழுந்து, நிமிர்ந்து நின்றார்.