ஒரு படத்துக்கு மட்டும்

"நீயா? நீ எதுக்கு இங்க வந்தே?"

குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தான் வெஸ்லி. கையிலிருந்த டீ, சட்டையில் சிந்தியது. எதிரே ஆனி. நீலப் புடவை, தோளில் லேப்டாப் பை.

"இன்டர்வியூவுக்கு. நீ?"

"நானும் அதுக்குத்தான்."

மாசாப் டேங்க் பகுதியில் இருந்த அந்த அலுவலக வராந்தாவில் அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. முதல் படம் எடுக்கும் புதியவர்களுக்கு அரசு கொடுக்கும் நிதிக்கான இன்டர்வியூ அது. ஹைதராபாத்திலிருந்து தமிழில் கதை அனுப்பியவர்களில் இரண்டு பேர் கடைசிச் சுற்றுக்கு வந்திருப்பதாகத்தான் சொல்லியிருந்தார்கள். பெயர் சொல்லவில்லை. நிதி ஒரு படத்துக்கு மட்டும்.

"அந்த இன்னொரு ஆள் நீதானா!" வெஸ்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன், எனக்குக் கதை எழுத வராதா? காலேஜ்ல டிராமாவெல்லாம் யார் எழுதினது?"

"நீ எழுதினே. கைதட்டு வாங்கினது நான்."

"திமிர் மட்டும் குறையல." ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள்.

நாச்சாரத்தில் ஒரு ஸ்டூடியோவில் அவனுக்கு ஒலிப்பதிவு வேலை. அவள் செகந்திராபாத்தில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். சொந்தமாக ஒரு படம் என்ற ஆசையை இருவருமே விடவில்லை. இந்த முறை தவறினால் அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

"உன் கதை என்ன?" என்றான்.

"நக்கோ, சொல்ல மாட்டேன். உள்ளே போய்ச் சொல்லிக்கறேன்."

கதவு திறந்தது. அதிகாரி துரைராஜ் எட்டிப் பார்த்து, "வெஸ்லி!" என்றார்.

அவன் பதறி எழுந்தான்.

"சட்டைல டீக் கறை தெரியுது. ஃபைலை முன்னாடி பிடிச்சுக்கோ," என்றாள் ஆனி, அவனைப் பார்க்காமலே.

திரும்பி வந்தபோது அவன் முகமெல்லாம் பிரகாசம். "கமிட்டித் தலைவர் மேடம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க, ஆனி! நிஜமா!"

"உள்ளே தூசி இருக்கும்," என்றாள். ஆனால் எழுந்து போகும்போது புடவைத் தலைப்பை இரண்டு முறை சரிசெய்துகொண்டாள்.

வெஸ்லியால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்தான். கதவருகே போனான், வந்தான். கடைசியில் அவள் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தாள்.

"என் கதைக்கும் துடைச்சாங்க!"

"ஏன் பொய் சொல்றே?"

"சத்தியமா! ரெண்டு தடவை!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நிதி ஒருவருக்குத்தான் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

மறுபடி கதவு திறந்தது. "ரெண்டு பேரும் உள்ளே வாங்க."

கமிட்டித் தலைவர் வசந்தகுமாரி, பல படங்களை எடிட் செய்தவர். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெஸ்லி, உங்க கதையில மனைவி பெட்டியை எடுத்துக்கிட்டு இறங்கிப் போறா. கணவன் மாடியில நிக்கறான். கூப்பிட்டும் அவ திரும்பலைன்னா என்ன செய்யறதுன்னு பயந்து, கூப்பிடாமலே இருந்துடறான். ஆனி, உங்க கதையில மனைவி கேட் பக்கத்துல நிக்கறா. மேலேர்ந்து ஒரு குரல் வராதான்னு, வர்ற ஆட்டோவை எல்லாம் அனுப்பிடறா."

வெஸ்லி சட்டென்று ஆனியைத் திரும்பிப் பார்த்தான். "ஆட்டோ கிடைக்காமதானே அவ நின்னா?"

"இல்ல. கிடைச்சுது. அனுப்பிட்டா."

"ஒரு தடவை மேல பார்த்திருக்கலாமே?"

"பார்த்திருந்தா அழுதிருப்பா."

வசந்தகுமாரி உற்சாகமாக மேஜையைத் தட்டினார். "பார்த்தீங்களா துரைராஜ், இப்பவே டிஸ்கஷன் ஆரம்பிச்சுட்டாங்க! இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தனித்தனியா ரெண்டுமே பாதிக் கதை. சேர்த்து ஒரே படமா, ரெண்டு பேரும் சேர்ந்தே டைரக்ட் பண்றதா இருந்தா, நிதி உங்களுக்கு. என்ன சொல்றீங்க?"



"பண்றேன் மேடம்," என்றான் வெஸ்லி.

"நானும்," என்றாள் ஆனி. அடுத்த நொடி சின்னப் பெண் போல "ஐயோ, மேடம்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். துரைராஜ்கூடக் கை தட்டினார்.

"அப்ப நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடுங்க," என்றார் அவர். "விட்டா நிதி போயிடும்."

ஆனியின் முகம் வாடியது. "நாளைக்குக் காலைலயா? முடியாதே சார். ஃபேமிலி கோர்ட்டுக்குப் போகணும். எங்க ரெண்டு பேரோட டைவர்ஸ் கேஸ் நாளைக்குத்தான் முடியுது."

"இல்ல சார், வந்துடறோம்!" என்று அவசரமாகக் குறுக்கிட்டான் வெஸ்லி. "கோர்ட்ல வாய்தா வாங்கிக்கறோம்."