மெதுவா முறுக்குங்க

தறிக்கு ராட்டில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மற்ற நேரமென்றால் கட்டைவிரலால் முன்பல்லை உள்பக்கமாக அமுக்கிக்கொண்டே இருப்பேன். ராட்டில் உட்கார்ந்தால் ரெண்டு கையும் நூலுக்குப் போய்விடும். உதட்டையாவது இறுக்கி வைத்துக்கொள்வேன், அது தள்ளுகிற மட்டும் தள்ளட்டும் என்று.

வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். கல்யாணம் முடிந்து மூணாம் மாசம் போனவர். பிள்ளை முகத்தை இன்னும் பார்க்கவில்லை. சாரல் விழுந்ததும் வருவேன், குற்றாலத்துக்குக் கூட்டிப் போவேன் என்று சொல்லியிருந்தார்.

அவர் இருந்த நாளெல்லாம் நான் துப்பட்டியால் வாயை மூடித்தான் சிரித்தேன். என் முன்பல் அப்படித் துருத்தி நிற்கும்.

மாமிக்கு, அவரைப் பெற்றவருக்கு, கடைவாய்ப்பல் பிடுங்கத் தென்காசிக்குப் போன இடத்தில்தான் டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, கம்பி போட்டால் உள்ளே போகும் என்றார். போடுங்கள் என்று சொன்னதும் மாமிதான். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு நகருகிற மாதிரி சட்டென்று நகராதாம். வளர்ந்தவர்களுக்கு எலும்பு இறுகிவிடுமாம். மாசத்துக்குக் கம்பியில் ஒரு முறுக்குத்தான்.

நோன்புப் பெருநாள் கழிந்து டாக்டரிடம் போனபோது, வெட்கத்தை விட்டு நானே கேட்டேன், சாரலுக்குள் முடியாதா என்று. பதினைந்து நாளைக்கு ஒருக்கா வந்தால் கொஞ்சம் சீக்கிரம் நகரும், வலி பொறுக்கணும் என்றார் டாக்டர். நான் தலையாட்டுவதற்குள் மாமி குறுக்கே வந்தார்.

"வேண்டாம் டாக்டரே. மெதுவா முறுக்குங்க."

"நான் தாங்கிக்கிடுவேன் மாமி."

"நீ தாங்குவட்டீ, பல்லு தாங்கணும்லா? ஆடி விழுந்துட்டுன்னா, பொக்கை வாயையா வந்து பாப்பான்?"

வெளியே வந்ததும் இன்னொன்றும் சொன்னார். "அரைகுறைப் பல்லோட நீ நிக்கையில அவன் எதுக்கு வரணும்? அடுத்த சாரலுக்கு வந்தாப் போதும்னு சொல்லி விட்டுட்டேன்."

எங்கள் ஊர் மேலகரம் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

பக்கத்து வீட்டு முத்துவடிவுக்கு விஷயம் எட்டிவிட்டது. "மருமவ சிரிச்சா மவன் அந்தப் பக்கம் சாஞ்சிருவான்லா. உங்க மாமி விவரந்தான்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதிலிருந்து மாமியிடம் கேட்டதற்கு மட்டும் பதில். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

இன்றைக்கு மசூது அண்ணன் வந்தார். கொழும்பில் என் வீட்டுக்காரரோடு ஒரே கடையில் வேலை பார்க்கிறவர். மாமி உள்ளே தொழுதுகொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி, அடுத்த சாரலுக்கு வரச்சொல்லி மாமி சொன்னதில் அவருக்கு வருத்தமா என்று மெல்லக் கேட்டேன்.

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மாமி எங்க சொன்னாங்க? அவனுக்கு அங்க விசா புதுப்பிச்சுத் தரமாட்டேன்னுட்டான்மா. இப்பக் கிளம்பி வந்தா திரும்பிப் போக முடியாது. நோன்புக்கு முன்னாலயே உங்க மாமிக்கு ஆள்கிட்ட சொல்லி விட்டானே. அழுதுக்கிட்டே சொன்னான். உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

மாமி வருகிற சத்தம் கேட்டது. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் அண்ணே என்று கெஞ்சிவிட்டு வந்து ராட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் போன பிறகும் கையில் நூல் அறுந்து அறுந்து போகிறது.

அன்றைக்கு டாக்டரிடம் நாங்கள் போகும் முன்பே மாமிக்குத் தெரியும். அவன் வரமாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு வேலை முடிந்தது. அதைச் சொல்ல மனசு வராமல்தான், நகராத என் பல்லைச் சாக்கு வைத்து, என் கோபத்தையெல்லாம் தன் மேலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு...

"ஏட்டி ஜாஹிரா, பிள்ளை முழிச்சிட்டான். இங்கன வா."

கூப்பிடுகிறார். அவரிடம் இதைக் கேட்கவே கூடாது. யாராவது கேட்டால், என் பல்லுக்காகத்தான் வீட்டுக்காரர் வரவில்லை என்று இனிமேல் நானும் சொல்லிக்கொள்வேன்.