நீலக் கோடு போட்ட கட்டு

ராஜமாணிக்கம் நொண்டிக்கொண்டே மீரானின் மளிகைக் கடைப் படி ஏறினார். கல்லாவில் இருந்த மீரானின் கண் நேரே அவர் காலுக்குப் போயிற்று.

கணுக்காலைச் சுற்றித் தடிமனாக ஒரு கட்டு. கட்டின் ஓரத்தில் நீலக் கோடு.

அட, சீமைக் கட்டு!

"கால்ல என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லை பாய். பெரார்கஞ்ச் ரோட்டுல வழுக்கிட்டேன்."

மீரானுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். நேற்று இதே பெஞ்சில் உட்கார்ந்து இந்த மனுஷன் பேசிய பேச்சு என்ன!

ராஜபாளையத்துப் பக்கம் தறி போட்டு ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிறவர் ராஜமாணிக்கம். மருத்துவச் சாமான் செய்கிறவர்களாகச் சேர்ந்து, சிவஞானம் தலைமையில் ஒரு வர்த்தகக் குழுவாக மெட்ராஸிலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியிருந்தார்கள். நடுக்கடலில் எஞ்சின் மக்கர் பண்ணியதில் கப்பல் அந்தமானில், போர்ட் பிளேரில் ஒதுங்கிவிட்டது.

தெர்மாமீட்டர்க்காரரும் வெந்நீர்ப் பைக்காரரும் விடுதியில் சீட்டாடினார்கள். ராஜமாணிக்கம் மட்டும் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அபர்தீன் பஜாருக்கு வந்து மீரானைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், இது எங்க தறித் துணி. இந்த நீலக் கோடு போட்டது சீமைச் சரக்கு. ஒப்பிட்டுக் காட்டுறதுக்குன்னே ஒரு சுருள் காசு குடுத்து வாங்கினேன். இப்பப் பாருங்க, எங்க துணி எப்படி இழுக்குதுன்னு!"

மீரான் வேண்டாமென்பதற்குள், மீரானின் டீயில் துணியை விட்டுவிட்டார். துணி இழுத்தது. டம்ளரில் சர்க்கரை மட்டும் மிஞ்சியது.

மீரானின் மச்சான் ஹபீப் முகம்மது பினாங்கில் ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர். மீரான் ஒரு வார்த்தை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்.

"குழுவாப் போனா கை குலுக்கி, படம் பிடிச்சு அனுப்பிருவாங்க பாய். ஆர்டர் வேணும்னா உங்க மச்சான் மனசு வெக்கணும். ஊர்ல பாதித் தறி சும்மா நிக்குது" என்றார் ராஜமாணிக்கம், கொஞ்சம் குரல் இறங்கி.

நாளைக்கே தந்தி அடிப்பதாக மீரான் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நாளை, இன்று.

"தந்தி போயிருச்சா பாய்?"

"போகும், போகும். கட்டு பக்காவா இருக்கே! எந்த ஊர்த் தறி?"

ராஜமாணிக்கம் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"சொந்தமா மிட்டாய்க்கடை வெச்சிருக்கவரு எதிர்த்த கடையில அல்வா வாங்கித் தின்ன மாதிரி இருக்கு அண்ணாச்சி!"

அரிசி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். ராஜமாணிக்கமும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தார்.

"சரி, மச்சானுக்குக் காட்ட ஒரு சாம்பிள் எடுங்க."

ராஜமாணிக்கம் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டார். "அது... பினாங்கு போற வரைக்கும் திறக்கக்கூடாதுன்னு சிவஞானம் ஐயா உத்தரவு."

நேற்று பஜார் முழுக்கத் திறந்து காட்டிய பெட்டி! மீரானுக்கு மனசு விட்டுப்போயிற்று. செய்கிறவருக்கே நம்பிக்கை இல்லாத சரக்கை மச்சான் தலையில் கட்டவா? தந்தியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அதைச் சொல்ல வாயெடுக்கும்போது வாசலில் ஜீப் நின்றது. வெள்ளை உடுப்பில் நர்ஸ் சுசீலா இறங்கி வந்தாள்.

"பாய், பட்டிவாலா சாப் இங்க வந்தாரா?"

"அது யாரு?"

"இதோ, இவருதான்! கட்டுத்துணிக்காரர்னு எங்க பெங்காலிங்க வெச்ச பேரு. பெரார்கஞ்சுக்கு அந்தப் பக்கம் காலையில மர லாரி கவிழ்ந்துருச்சு பாய். எங்களுக்குச் சாம்பிள் காட்டக் கிளம்பி, கூலியாட்களோட இவரும் அதுல ஏறி வந்திருக்கார். எங்க டிஸ்பென்சரியில ஒரு முழத் துணி கிடையாது, மெயின்லாண்ட் கப்பல் வந்தாத்தான். இவரு பெட்டியை அப்படியே என் மேஜையில கவுத்துட்டார். அத்தனை பேரும் பிழைச்சாங்க. இவருக்கு ஊசி போடலாம்னு திரும்பினா, ஆளைக் காணோம்!"

"மெதுவாச் சொல்லுங்க சிஸ்டர்!" ராஜமாணிக்கம் பதறினார். "வெறும் பெட்டியோட பினாங்கு வர்றேன்னு தெரிஞ்சா, சிவஞானம் ஐயா என்னைக் கடல்ல தள்ளிருவார். அப்புறம், இந்த ஊசி கண்டிப்பாப் போடணுமா?"

"கையை நீட்டுங்க."

ராஜமாணிக்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினார்.

மீரான் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே சீமைச் சுருளின் நீலக் காகித உறை மட்டும் கிடந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குக் கிளம்பினார். படி இறங்கியவருக்குள் இருந்த வியாபாரி சும்மா இருக்கவில்லை. திரும்பினார்.

"ஆனாலும் உங்களுக்கு விவரம் பத்தாது அண்ணாச்சி. அந்தச் சீமைச் சுருளையும் ஆளுங்களுக்குக் கட்டியிருந்தா, உங்க சரக்குல ஒண்ணாவது பினாங்குக்கு மிஞ்சியிருக்குமே?"

ராஜமாணிக்கம் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"அதெப்படி பாய்? என் கால்னா பரவாயில்லை. அடுத்தவங்க புண்ணுல அதை நம்பிக் கட்ட முடியுமா?"